கிணற்று நீரின் சூடும் கனமும்: அளவு தப்பினால் எங்கே பார்ப்பது

சேலத்தில் ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். தை பிறந்தால் புராஜெக்ட் பிள்ளைகளுக்கு வழி பிறந்துவிடும். கன்னங்குறிச்சி போர் (ஆழ்துளைக் கிணறு), ஓமலூர்க் கிணறு, ஏற்காட்டு ஊற்று என்று ஆளுக்கொரு கேன் தண்ணீரோடு வாசலில் வந்து நிற்பார்கள். தலைப்பு வருடா வருடம் ஒன்றுதான், நிலத்தடி நீரின் வெப்பநிலையும் அடர்த்தியும். வரும் கோளாறுகளும் வருடா வருடம் அதேதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாவது முதலில் வரும், பர்ஸைத் தொடுவது கடைசியில் வரும்.

## முதலில், எது சரியான அளவு?

இது தெரியாமல் கோளாறு என்று சொல்லவே முடியாது. பத்து இருபது மீட்டருக்குக் கீழே உள்ள நீர், அந்த இடத்தின் வருடச் சராசரிச் சூட்டை ஒட்டியோ ஒன்றிரண்டு டிகிரி கூடவோ இருக்கும். சேலம் சமவெளியில் போர் தண்ணீர் பெரும்பாலும் 28 முதல் 31 டிகிரி செல்சியஸ். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே ஊற்று நீர் 20-ஐ ஒட்டி நிற்கும், கொஞ்சம் முன்பின்.

சுத்தமான நீரின் அடர்த்தி, மில்லிலிட்டருக்கு கிராம் கணக்கில்:

20 டிகிரி: 0.99821
22 டிகிரி: 0.99777
24 டிகிரி: 0.99730
26 டிகிரி: 0.99679
28 டிகிரி: 0.99624
30 டிகிரி: 0.99565
32 டிகிரி: 0.99503

இதோடு இன்னும் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 1 கிராம் கூடினால் அடர்த்தி ஏறக்குறைய 0.0007 முதல் 0.0008 வரை ஏறும். 30 டிகிரி பக்கத்தில் சூடு ஒரு டிகிரி ஏறினால் அடர்த்தி 0.0003 இறங்கும். அதாவது மூன்று டிகிரி தவறாகப் பார்த்தால் ஒரு கிராம் உப்பையே காணாமல் போக்கிவிடலாம். கீழே வரும் தொல்லைகளில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

## அறிகுறி: வெப்பநிலை நிற்கவே மாட்டேன் என்கிறது

### மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஆடுகிறது

முதலில் வருவது பைப்பில் நின்றிருந்த தண்ணீர். வெயிலில் கிடந்த பைப் என்றால் சூடாக வரும், மார்கழி விடியலில் என்றால் சில்லென்று வரும். அதை அளந்து பயனில்லை. நம்மூரில் சாதாரணமாகப் போடும் ஆறரை இஞ்ச் போரில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 21 லிட்டர் நீர் நிற்கும். 100 மீட்டர் நீர் நின்றால் இரண்டாயிரத்து நூறு லிட்டர். அத்தனையும் வெளியேறும்வரை ஓட்டினால் நல்லதுதான், ஆனால் வயல்காரர் சும்மா விடுவாரா? அதனால் நான் வைத்திருக்கும் வழி இது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் குறியுங்கள். அடுத்தடுத்து மூன்று அளவுகள் 0.2 டிகிரிக்குள் வந்தால் அதுதான் உங்கள் எண். பாசனத்துக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் போனால் காத்திருக்கவே வேண்டாம்.

### ஓடி அரை மணி ஆகியும் ஆடுகிறது

எங்கே அளக்கிறீர்கள் என்று பாருங்கள். தொட்டியில் விழும் இடத்திலா, ஓஸ் பைப்பின் கடைசியிலா? போர் தலைக்குப் பக்கத்தில் முதல் வால்வ் எங்கே இருக்கிறதோ அங்கேயே பிடியுங்கள். ஒரு வாளியை வைத்து, தண்ணீர் அதன் அடியில் விழுந்து மேலே வழிந்தோடும்படி விடுங்கள். தெர்மாமீட்டரின் குமிழ் வாளியின் நடுவில் முழுக இருக்கட்டும். வெளியே எடுத்துப் படிக்கக் கூடாது, முழுகியிருக்கும்போதே படிக்க வேண்டும். கண்ணாடி தெர்மாமீட்டருக்கு இரண்டு நிமிடமாவது கொடுங்கள்.

கம்ப்ரசர் போர் என்றால் இதெல்லாம் செய்தாலும் ஆடும். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பி, அந்தக் காற்றோடு தண்ணீரைத் தூக்கி வருகிறது. புசுபுசுவென்று விட்டுவிட்டு வரும். அங்கே அரை டிகிரி துல்லியம் கிடைத்தாலே பெரிது. முடிந்தால் வேறு போர் பாருங்கள்.

### நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது, தண்ணீரும் குறைகிறது

உடனே மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. போரில் நீர் இறங்கிவிட்டால் அந்த ஓட்டம் குறைந்து, மோட்டார் தன் சூட்டிலேயே வெந்துபோகும். புராஜெக்ட்டுக்காகப் போய் ஒருவருடைய மோட்டாரை எரித்துவிட்டு வராதீர்கள். இங்கே நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, மோட்டார் மெக்கானிக் வந்து ஆம்பியரும் நீர்மட்டமும் பார்க்கட்டும்.

## அறிகுறி: போர் தண்ணீர் 35-க்கு மேல் காட்டுகிறது

வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது வெந்நீர் ஊற்று கண்டுபிடித்துவிட்டதாக ஓடி வரும். ஆசையைக் கெடுக்க எனக்கும் மனசில்லை, ஆனாலும் வரிசையாகப் பாருங்கள்.

முதலில், அளந்தது சின்டெக்ஸ் டேங்க் தண்ணீரா? கறுப்பு டேங்க் சித்திரை வெயிலில் எவ்வளவு சுடும் என்று மொட்டை மாடி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தரைக்கு மேலே ஓடும் கறுப்பு எச்டிபிஇ பைப்பும் அப்படியே. விடிகாலை ஐந்தரைக்குப் போய்த் திரும்ப அளந்தால் பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் ஆழம் கேளுங்கள். கீழே போகப் போகப் பாறை சூடு. நூறு மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் அடி போரில் நீர் அடியிலுள்ள வெடிப்பிலிருந்து வந்தால் மேல்மட்ட நீரைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆழத்தை வீட்டுக்காரர் சொல்வதும் போர் வண்டிக்காரரின் பில்லும் ஒத்துப்போகாது. பில்லை நம்புங்கள்.

இரண்டும் இல்லை, விடிகாலையிலும் சுடுகிறது, பக்கத்துப் போர்கள் சாதாரணமாக இருக்கின்றன என்றால் மேலே சொன்ன மோட்டார் சூட்டைச் சந்தேகியுங்கள். அதுவும் இல்லை என்று மெக்கானிக் சொன்ன பிறகுதான் நிலத்தடி நீர்த் துறை ஆட்களிடம் போக வேண்டும்.

## அறிகுறி: கைக்கு ஒன்று தெரிகிறது, தெர்மாமீட்டர் வேறு காட்டுகிறது

கையை நம்பாதீர்கள். கிணறு மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் குளிர்ச்சியாகவும் தெரிவது, நம் உடம்பும் வெளிக்காற்றும் மாறுவதால். ஆழத்து நீர் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் கிடக்கிறது.

## அறிகுறி: இரண்டு தெர்மாமீட்டர், இரண்டு அளவு

### இரண்டில் எது பொய் சொல்கிறது?

பனிக்கட்டிச் சோதனை செய்யுங்கள். ஐஸைப் பொடியாக நொறுக்கி டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, கலக்கி, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 0.6 காட்டினால் அந்தத் தெர்மாமீட்டரின் எல்லா அளவிலிருந்தும் 0.6 கழித்துவிடுங்கள், புதிது வாங்க வேண்டியதில்லை. ஐஸ் மிதக்கும் தண்ணீர் போதாது. ஐஸும் நீரும் கூழ்போல நெருக்கமாக இருக்க வேண்டும்.

கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏற்காட்டில் விடுதி அறையில் கெட்டிலில் கொதிக்க வைத்துப் பார்த்துவிட்டு, 95 காட்டுகிறது, தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று ஒரு குழு புதிய தெர்மாமீட்டருக்குக் காசு கேட்டது. அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 95-ஐ ஒட்டித்தான். சேலத்திலேயே 99-தான் வரும். தெர்மாமீட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை.

### சாராயத் தெர்மாமீட்டரில் சிவப்புக் கோடு நடுவில் அறுந்திருக்கிறது

பஸ்ஸில் படுக்கவைத்துக் கொண்டுபோனால் இப்படி ஆகும், அதுவும் ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். ஐஸில் உப்புச் சேர்த்து, குமிழை அதில் வைத்தால் திரவம் முழுக்கக் கீழே இறங்கிச் சேர்ந்துகொள்ளும். நிமிர்த்திப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினாலும் சில சமயம் சேரும். அடுப்பில் காட்டாதீர்கள், குமிழ் வெடிக்கும்.

பாதரசத் தெர்மாமீட்டரைக் கிணற்றுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. குடிக்கிற தண்ணீரில் உடைந்தால் யார் பதில் சொல்வது?

### துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவி கண்டபடி காட்டுகிறது

அது மேல்பரப்பின் சூட்டை மட்டும் பார்க்கும். பளபளக்கும் ஜிஐ பைப்பை நோக்கிச் சுட்டால், பைப்பில் பிரதிபலிக்கும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து அளந்துவிடும். வாளித் தண்ணீரின் மேல்பரப்பில் பிடித்தால் ஓரளவு சரியாக வரும். இந்த வேலைக்கு அது தோதான கருவி இல்லை.

### சென்சார் 85 என்றோ -127 என்றோ காட்டுகிறது

ஆர்டுயினோவில் டிஎஸ் 18பி20 சென்சார் போடுபவர்களுக்கு இது. -127 என்றால் சென்சாரோடு தொடர்பே இல்லை, வயர் விட்டிருக்கிறது. 85 என்பது மின்சாரம் வந்ததும் அது காட்டும் ஆரம்ப எண், இன்னும் அளக்கவே தொடங்கவில்லை என்று பொருள். டேட்டா வயருக்கும் மின் வயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கிணற்றுக்காக வயரை இருபது முப்பது மீட்டர் நீட்டியிருந்தால் கொஞ்சம் குறைந்த ரெசிஸ்டர் போட்டுப் பார்க்கலாம். இரண்டு நாள் சரியாகக் காட்டிவிட்டு மூன்றாம் நாள் உளறினால், ஸ்டீல் மூடிக்குள் தண்ணீர் போய்விட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள், ஒட்டிப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம். இந்தச் சென்சார் நல்ல நிலையிலேயே அரை டிகிரி முன்பின் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ஐஸ் சோதனை இதற்கும் உண்டு.

## அறிகுறி: கிணற்றின் மேலும் அடியும் ஒரே சூடு காட்டுகிறது

திறந்த கிணற்றில் வெயில் காலத்தில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்றால் பெரும்பாலும் தெர்மாமீட்டர் மேலே வரும் வழியில் மாறிவிட்டது. கயிற்றில் கட்டி அறுபது அடி இறக்கி, இழுத்து, கையில் எடுத்துப் படிப்பதற்குள் மேல்நீரின் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. தடித்த பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் கல் கட்டி, வாயைத் தக்கையால் மூடி, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டுங்கள். வேண்டிய ஆழம் வந்ததும் தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் பாட்டில் அங்கேயே நிரம்பும். குமிழ்கள் மேலே வந்து நின்றபின் இன்னும் மூன்று நிமிடம் விட்டு, சட்டென்று தூக்கி, தெர்மாமீட்டரைப் பாட்டிலுக்குள் விட்டுப் படியுங்கள். பாட்டிலைச் சுற்றி ஈரத்துணியைச் சுற்றாதீர்கள், ஆவியாகும்போது குளிர்ந்து அளவைக் கெடுக்கும். உலர்ந்த பழைய சாக்கு போதும்.

வயரோடு இறங்கும் சென்சார் இருந்தால் மேலிருந்து கீழே போகும்போது குறியுங்கள். ஏறும்போது குறித்தால் வயரும் சென்சாருமே நீரைக் கலக்கிவிட்டிருக்கும்.

காரணம் உண்மையாகவே கிணற்றில் இருக்கலாம். அப்போதுதான் மோட்டார் ஓடி நிறுத்தியிருந்தால் நீர் முழுக்கக் கலந்திருக்கும். வாழப்பாடி பக்கம் ஒரு தோட்டத்தில் நான் இப்படி ஏமாந்து நிற்க, பாட்டி சிரித்துவிட்டார். "ஏன் சாமி, காத்தால பூரா மோட்டாரு ஓடுச்சே, என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே." அதிலிருந்து முதல் கேள்வியே அதுதான்.

எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். பழங்கிணறுகளின் அடியில் மூச்சுக்கு ஆகாத காற்று தேங்கி நிற்கும். போரில் இறக்கிய சென்சார் மோட்டார் பைப்புக்கும் கேசிங்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். வயர் அறுந்து உள்ளே விழுந்தால் அடுத்த முறை மோட்டாரைத் தூக்கும்போது வீட்டுக்காரருக்குத் தலைவலி. மோட்டார் இறக்கி ஏற்றும் ஆட்களைக் கூப்பிட்டுச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி காட்டும் மிதவை) முங்கிப்போகிறது

"அண்ணா, முங்கிப்போச்சுங்கண்ணா" என்று ஒரு பெண் அளவுசாடியோடு வந்து நின்றாள். உள்ளே வீட்டிலிருந்து எடுத்து வந்த பால் லாக்டோமீட்டர், 0 கோட்டையும் தாண்டி இறங்கி, தலை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லாக்டோமீட்டரின் 0 என்பதே தண்ணீர். அதைவிடப் பெரிய எண் போட்ட கோடுகளெல்லாம் தண்ணீரைவிடக் கனமான பாலுக்கு. நம் நீர் அதைச் செய்த வெப்பநிலையைவிடச் சூடாக இருந்ததால் 0-க்கும் கீழே போய்விட்டது. பாட்டரி ஹைட்ரோமீட்டர் இன்னும் மோசம், 1.100-இல் தொடங்கும், தண்ணீரில் போட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கருவி கெடவில்லை, வேறு வேலைக்கான கருவி. 0.980 முதல் 1.000 வரை போகும், சிறு கோடு 0.0002 உள்ள ஹைட்ரோமீட்டர் வேண்டும். கோட்டுக்குக் கோடு 0.001 உள்ளதை வாங்கினால் நல்ல குடிநீருக்கும் கொஞ்சம் உவர்நீருக்கும் வித்தியாசமே தெரியாது.

சரியான கருவி இருந்தும் அளவு ஆடினால்: தண்டில் கைரேகை எண்ணெய் இருக்கும், சோப்பு நீரில் கழுவிப் பிறகு கோட்டுக்கு மேலே மட்டும் பிடியுங்கள். சாடியின் ஓரத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். குமிழ்கள் ஒட்டியிருந்தால் சுழற்றி உதறுங்கள். தண்டில் எந்த வெப்பநிலைக்கு என்று பொறித்திருப்பார்கள். அதைவிட 10 டிகிரி கூடுதலான நீரில் அளந்தால் கண்ணாடி விரிந்து 0.00025 கூட்டிக் காட்டும், கழித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஒரே தண்ணீர், மூன்று தரம் நிறுத்தால் மூன்று அடர்த்தி

அடர்த்திக் குப்பி, அதாவது நாங்கள் டென்சிட்டி பாட்டில் என்று கூப்பிடுவது, வைத்துச் செய்பவர்களின் நிரந்தரத் தொல்லை இது. என் நேரம் அதிகம் போவதும் இதில்தான். கிணற்று நீரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் டிஸ்டில்ட் வாட்டரை மூன்று தரம் நிறுத்துப் பாருங்கள். 50 மில்லி குப்பியில் மூன்றும் 0.005 கிராமுக்குள் ஒத்துப்போனால் கையும் தராசும் நன்றாக இருக்கின்றன, கோளாறு கிணற்று நீரில். ஒத்துப்போகாவிட்டால் கோளாறு உங்களிடம்.

### டிஸ்டில்ட் வாட்டரே ஒத்துப்போகவில்லை

குப்பியை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கிறீர்களா? மூடியின் நுண்துளையில் முத்துப்போல ஒரு சொட்டு எழும்பும். துடைத்தால் இன்னொன்று எழும்பும். அதைத் துடைத்தால் இன்னொன்று. கைச்சூட்டில் உள்ளிருக்கும் நீர் விரிந்து வழிகிறது, நீங்கள் அதைத் துடைத்து எறிந்துகொண்டே இருக்கிறீர்கள். ஒரு டிகிரிக்கு 0.015 கிராம் போய்விடும், இருபது மில்லிகிராம் உப்பைத் தூக்கி எறிந்ததற்குச் சமம். கழுத்தை மட்டும் இரண்டு விரலால், வடிதாள் சுற்றிப் பிடியுங்கள். பிள்ளைகள் பிடித்திருக்கும் விதத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே எண் எப்படி வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மூடியும் குப்பியும் ஜோடிதானா? இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். கழுவும்போது மாற்றி மூடினால் கொள்ளளவே மாறிவிடும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு முழு வகுப்பின் கணக்கு ஒரு தரம் இப்படித்தான் பாழானது. கழுவி அடுக்கியது நான்தான்.

வெளியே ஒட்டிய ஒரு சிறு சொட்டு 0.05 கிராம். அது 50 மில்லியில் 0.001 அடர்த்தியைக் கூட்டும். கழுத்து விளிம்பின் அடியைத் துடைக்க எல்லோரும் மறக்கிறார்கள்.

தராசைப் பாருங்கள். ஃபேன் ஓடுகிறதா? நிறுத்துங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். நீர்மட்டக் குமிழ் வட்டத்துக்குள் நிற்கிறதா? மின்சாரம் போய் வந்திருந்தால் அரை மணி சூடேற விடுங்கள். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அப்படியே வைத்தால் வெளிப்புறம் வியர்த்து எடை கண்ணெதிரே ஏறும். அறைச்சூட்டுக்கு வந்தபிறகு வையுங்கள். இவ்வளவும் செய்து, எடைக்கல் ஒன்றையே வைத்தாலும் எண் நகர்ந்துகொண்டிருந்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். தராசின் உள்ளே கை வைக்க வேண்டாம்.

### டிஸ்டில்ட் ஒத்துப்போகிறது, கிணற்று நீர் மட்டும் ஆடுகிறது

பெரும்பாலும் காற்றுக்குமிழ். ஆழத்து நீரில் கரைந்திருக்கும் வாயு, மேலே வந்து சூடானதும் குமிழாகி உள்சுவரில் ஒட்டும். கடுகளவுக் குமிழ் ஒன்று 0.01 மில்லி என்று வைத்தாலும் அடர்த்தி 0.0002 குறைந்துவிடும். கேனைத் திறந்து வைத்து, அறைச்சூட்டுக்கு வரும்வரை விட்டு, மெதுவாகக் கலக்கி, பிறகு குப்பியின் சுவர் வழியாக ஊற்றுங்கள்.

குமிழ் போகட்டும் என்று கொதிக்க வைத்துவிடாதீர்கள். நம்மூர் உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அல்லவா? அது நீரில் கரைந்திருந்ததுதான். அதை வெளியேற்றிவிட்டு எதை அளக்கப் போகிறீர்கள்?

கலங்கலும் காரணமாகலாம். செம்மண் கலந்த நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் மண் இருந்தால் 0.0006 கூடும், மண் அடியில் படியப் படிய அளவும் மாறும். ஒரு இரவு தெளிய விட்டு, வடிதாளில் வடிகட்டுங்கள்.

### கணக்கு ஒரு தரம் போட்டுப் பார்ப்போம்

28 டிகிரியில் டிஸ்டில்ட் வாட்டர் 49.870 கிராம், அதே குப்பியில் அதே சூட்டில் கிணற்று நீர் 49.921 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.00102. அதை 0.99624-ஆல் பெருக்கினால் 0.99726. சுத்த நீரைவிட 0.00102 கூடுதல், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 முதல் 1.45 கிராம் உப்பு. குப்பியின் மேல் 50 மில்லி என்று எழுதியிருப்பதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது அச்சடித்தவரின் நம்பிக்கை.

## அறிகுறி: நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடக் கனமாக வருகிறது

ஏற்காட்டு ஊற்று 0.9980, கருப்பூர் பக்கத்துப் போர் 0.9966. ஊற்று நீர் வாயில் தேன், போர் நீரில் பருப்பு வேகாது. அளவு தலைகீழாக இருக்கிறது, அழித்துவிட்டுத் திருப்பி எழுதலாமா என்று இரண்டு பையன்கள் கேட்டார்கள்.

அழிக்காதீர்கள். ஊற்றை அங்கேயே 21 டிகிரியில் அளந்திருந்தார்கள், போரை இங்கே 30 டிகிரியில். 21 டிகிரியில் சுத்த நீரே 0.9980. 30 டிகிரியில் சுத்த நீர் 0.9956, அதற்கு மேல் போர் நீரில் இருப்பது 0.0010. குளிர் கொடுத்த கனம் உப்பு கொடுத்த கனத்தைவிடப் பெரிது, அவ்வளவுதான். இரண்டு எண்ணும் சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் தப்பு. பூமிக்குள் அந்த நீர் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பது கேள்வியானால் அப்படியே விடுங்கள், வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். எதில் உப்பு அதிகம் என்பது கேள்வியானால் இரண்டையும் ஒரே அறையில், ஒரே சூட்டில் நிறுங்கள்.

வெப்பநிலையை எழுதாமல் அடர்த்தியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தவர்களுக்கு என்னிடம் வைத்தியம் கிடையாது. மறுபடி மலை ஏற வேண்டியதுதான்.

## அறிகுறி: டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்பளவு காட்டுவது) எகிறுகிறது, அடர்த்தி அசையவில்லை

தராசு எத்தனை தசமம்? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமாவின் தராசில் நிறுத்து வருவார்கள். வெள்ளிக்கு அது நல்ல தராசு. ஆனால் 0.01 கிராம்தான் அதன் கடைசி எண், 50 மில்லி குப்பியில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராம் உப்புக்கு மேல். 25 மில்லி குப்பி என்றால் 500-க்கு மேல். அதற்குக் குறைந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 0.001 கிராம் தராசு வேண்டும்.

பெரிய குடுவையில் நிறுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். 250 மில்லி குடுவையின் கழுத்தில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் 0.0006 போய்விடும், ஆகவே தராசில் மிச்சம் பிடித்ததைக் கழுத்தில் இழந்துவிடுவீர்கள்.

டிடிஎஸ் மீட்டரும் சத்தியசந்தன் இல்லை. அது மின்கடத்துதிறனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறது. அந்த எண் ஒரு மீட்டரில் 0.5, இன்னொன்றில் 0.7. ஒரே தண்ணீர் ஒன்றில் 800, மற்றதில் 1120.

அடர்த்தி சுத்த நீரைவிடக் குறைவாகவே வந்தால் முன்னே சொன்ன குமிழையும் தெர்மாமீட்டரையும் பாருங்கள். டிஸ்டில்டுக்குப் பதில் கேன் வாட்டர் ஊற்றியிருந்தாலும் கொஞ்சம் குறையும், ஆனால் அது பெரிய பிழை இல்லை.

## அறிகுறி: எல்லாம் சரிபார்த்தும் அடர்த்தி கூடுதலாகவே நிற்கிறது

அப்போது தண்ணீரே அப்படித்தான். சுத்த நீரைவிட 0.0015 அல்லது அதற்கு மேல் கூடுதல் என்றால் லிட்டருக்கு 2 கிராம் பக்கத்தில் கரைந்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 குடிநீருக்கு 500 மில்லிகிராம் என்கிறது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை. ஆகவே இதைக் குடிப்பவர்கள் இருந்தால் விஷயம் புராஜெக்ட்டைத் தாண்டிவிட்டது.

கூப்பிடுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் எடுங்கள், வெயிலில் நீர் வற்றிய திறந்த கிணற்றில் உப்பு செறிந்து நிற்கும். பக்கத்தில் இரண்டு கிணறு பாருங்கள், ஒன்று மட்டும் எகிறினால் அருகே என்ன கொட்டுகிறார்கள், எந்த ஓடை ஓடுகிறது என்று கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

எந்த உப்பு என்பதை அடர்த்தி சொல்லவே சொல்லாது. வெள்ளைக்கல் என்று இங்கே சொல்லும் மேக்னசைட் வெட்டியெடுக்கும் பக்கத்து நீரில் மெக்னீசியம் இருக்கலாம், வேறிடத்தில் சோடியம். குப்பிக்கு எல்லாம் ஒன்றுதான். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே குடிக்க ஆகாது, அந்த அளவை எந்தத் தராசும் எந்த ஹைட்ரோமீட்டரும் காட்டிக்கொடுக்காது. அதனால் இங்கே நம் வேலை முடிகிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள்.

கேனை அதே நீரால் மூன்று தரம் அலசி, கழுத்துவரை காற்றில்லாமல் நிரப்பி, அன்றே கொண்டுபோங்கள். எண்ணெய் கேன், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம். ஒட்டும் சீட்டில் ஊர், கிணறா போரா, ஆழம், தேதி, மணி, மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது, பிடித்த இடத்திலேயே அளந்த வெப்பநிலை, இத்தனையும் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்து, போன வருடம் நாலு கேனும் யார் வீட்டுத் தண்ணீர் என்றே தெரியாமல் போய்விட்டது.